தாலாட்டுக்கு எழுந்து வந்த புழுக்கள்

எங்கள் கொடிக்கால்மங்கலத்தில் மனிதர்களின் ரத்தத்துக்குள் குடியிருந்த புழுக்கள் தாலாட்டுக் கேட்க எழுந்து வந்தது பங்குனி மாதத்து மத்தியானம் ஒன்றில். வெற்றிலை கிள்ளிய பெண்கள் சோற்று வாளியைத் திறந்து உட்கார்ந்த நேரம், சுலைமான் ராவுத்தர் டீக்கடையில் வடை தீர்ந்து எண்ணெய் ஆறிக்கொண்டிருந்த நேரம், அப்படி ஒன்றும் பெரிய நேரம் இல்லை. அதிசயங்கள் எங்கள் ஊருக்கு அப்படித்தான் வரும், சொல்லாமல் வந்து நிற்கும் சம்பந்தி மாதிரி, வந்த பிறகுதான் நாங்கள் பாய் தேடுவோம்.

டாக்டரம்மாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பியூலா ஞானமணி என்று பெயர், நாசரேத் பக்கத்துக்காரர், யானைக்கால் நோயைக் கொடுக்கும் புழுவைப் பற்றித் தலை நரைக்கிற வரைக்கும் ஆராய்ச்சி செய்தவர். தான் வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை, புழுவைப் படித்த டாக்டர் என்று வந்த முதல் வாரமே எங்களுக்கு விளக்கிச் சொன்னார்; நாங்கள் தலையாட்டிக் கேட்டுவிட்டு மறுநாளிலிருந்து பல்வலிக்கும் சுளுக்குக்கும் அவர் வாசலிலேயே போய் நின்றோம், அவரும் சலிக்காமல் உப்புத் தண்ணீர் கொப்பளிக்கச் சொல்லி அனுப்பினார்.

அவர் சொன்ன கணக்கில் அந்தப் புழு நூல் மாதிரி இருக்கும், பெரியவை நெறி கட்டும் இடங்களில் குடித்தனம் நடத்தும், அவற்றின் குஞ்சுகள் ரத்தத்தில் திரியும், பகலெல்லாம் நுரையீரல் பக்கம் போய் ஒளிந்துகொண்டு ஊர் அடங்கிய பிறகு தோலுக்கு அடியில் வந்து கொசுவுக்காகக் காத்திருக்கும், கொசு உறிஞ்சிக்கொண்டு போய் அடுத்தவர் உடம்பில் விடும், எத்தனையோ வருஷம் கழித்து ஒருநாள் கால் வீங்கும், வீங்கினது வற்றாது. வெற்றிலைக் கொடிக்குத் தண்ணீர் நிற்க வேண்டும், தண்ணீர் நின்றால் கொசு நிற்கும், ஆகவே எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு பேருக்காவது கால் பருத்திருந்தது, அதைப் பக்கத்து ஊர்க்காரன் கேலி பேசினால் மண்டையை உடைப்போமே தவிர நாங்களாக அதைப் பற்றிப் பேசிக்கொள்ள மாட்டோம்.

ஊரில் எல்லாரும் ஒரே நாளில் மாத்திரை சாப்பிட்டால் புழு ஒழியும் என்றார் டாக்டரம்மா. நன்றாக நடக்கிறவனுக்கு எதற்கு மாத்திரை என்று நாங்கள் கேட்டோம். உங்களுக்குள்ளே புழு இருப்பதைக் கண்ணால் காட்டுகிறேன் என்றார், ஆனால் அதற்கு இரவில்தான் ரத்தம் எடுக்க வேண்டும் என்றார், வண்டி அங்கேதான் சேற்றில் சிக்கியது. விளக்கு வைத்த பிறகு எங்கள் ஊரில் உப்பு, மோர், சுண்ணாம்பு எதையும் வீட்டைவிட்டு வெளியே கொடுப்பதில்லை, ஊசி என்ற சொல்லைக்கூட வாயில் எடுப்பதில்லை. இந்த அம்மாள் விளக்கு வைத்த பிறகு கையில் ஊசியோடு வந்து வீட்டு மகாலட்சுமியின் விரலைக் குத்தி ரத்தம் கொண்டுபோகிறேன் என்றால் எந்தப் பெண் கதவைத் திறப்பாள்? ராவுத்தர் வீட்டிலும் அதே பழக்கம்தான், எதிர்வீட்டுக்காரி செய்வதை நாமும் செய்துவிட்டால் நல்லதுதானே என்று அவர் மனைவி சொல்லிவிட்டார்.

"பகல்ல வாங்க டாக்டரம்மா, எத்தனை விரல் வேணுமோ தர்றோம்" என்றோம்.

"பகல்ல நீங்க வருவீங்க, அது வராதுல்லா" என்றார் அவர்.

சரி, ஊசிக்காவது பழகட்டும் என்று அவர் பகலிலேயே மேஜையும் நுண்ணோக்கியும் கொண்டுவந்து வெற்றிலைக் கொடிக்கால் வரப்போரத்துப் பூவரச மரத்தடியில் போட்டார். நிழலுக்காகத்தான் அந்த இடம். அதே மரங்களில்தான் பழம்புடவைத் தூளிகள் தொங்கும், வெற்றிலை கிள்ளும் பெண்களின் குழந்தைகள் அவற்றில் கிடக்கும், அவற்றைப் பார்த்துக்கொள்பவள் செங்கமலம்.

செங்கமலத்துக்கு இடதுகால் பருத்தது பத்தொன்பது வயதில். அவளுக்குத் தாய்மாமன் மகன் வைத்தியலிங்கத்தோடு கல்யாணம் பேசி வெற்றிலைத் தட்டுகூட மாற்றியாகிவிட்டது. கால் பருத்ததும் மாமன் வீட்டில் தட்டைத் திருப்பிக் கேட்டார்கள். வைத்தியலிங்கம் சித்ரகலாவைக் கட்டிக்கொண்டு, ஊரிலேயே பெரிய கொடிக்காலைக் குத்தகைக்கு எடுத்துப் பஞ்சாயத்துத் தலைவரும் ஆனார். தண்ணீரில் நிற்க முடியாத செங்கமலம் அவருடைய கொடிக்கால் ஓரத்திலேயே உட்கார்ந்து ஊர்ப் பிள்ளைகளைத் தூங்கவைத்தாள். கோபித்துக்கொண்டாளா என்று கேட்டால் எங்களுக்குத் தெரியாது, நாங்கள் கேட்டதில்லை. ராவுத்தர் கடையில் அவளுக்கு மட்டும் தனி டம்ளர் இருந்தது. அதையும் நாங்கள் ஏனென்று கேட்டதில்லை.

அந்தப் பங்குனி மத்தியானம் டாக்டரம்மா ராவுத்தரின் விரலில் ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்த்தார், வழக்கம்போல ஒன்றுமில்லை. அப்போது தூளியில் ஒரு பிள்ளை சிணுங்கியது. செங்கமலம் காலை நீட்டியபடி தூளிக் கயிற்றை இழுத்துப் பாடத் தொடங்கினாள்.

*ஆத்துமணல் தானுறங்க, அகத்தி நிழலுறங்க,*
*கிள்ளாத வெத்தலையும் கொடியோட கண்ணுறங்க,*
*கண்ணுறங்காப் பிள்ளைக்குக் காத்துவந்து கதைசொல்ல...*

"டாக்டரம்மா, விரல் நுனியில எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு" என்றார் ராவுத்தர்.

இன்னொரு சொட்டு எடுத்தார். கண்ணாடியில் வைத்துக் குனிந்தார். தேர் பார்க்க வந்த கூட்டம் மாதிரி சிவப்பணுக்களை இடித்துத் தள்ளிக்கொண்டு புழுக்குஞ்சுகள் நெளிந்தன. பாட்டு நின்றதும் எடுத்த சொட்டில் ஒன்றுமில்லை. மறுபடி பாடச் சொன்னார், மறுபடி வந்தன. டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, "ராத்திரி வந்துட்டுன்னு நினைச்சு வருது" என்றார், பஸ் சீக்கிரம் வந்துவிட்டது என்று சொல்வதைப்போல. பிறகு அடுத்த விரலைக் கூப்பிட்டார்.

மற்ற ஊராக இருந்தால் பயந்திருக்கும். எங்கள் ஊர் அப்படிப்பட்டதில்லை. கோயில் கச்சேரியில் தவறான இடத்தில் கைதட்டியவனை எழுப்பி வெளியே அனுப்பிய ஊர் இது. சமையல் சரியில்லை என்றால் பொறுத்துக்கொள்வோம், சுருதி சரியில்லை என்றால் சோறு இறங்காது. எங்கள் ரத்தத்துக்குள் இருக்கும் புழுவுக்கும் பாட்டுக் கேட்கத் தெரிந்திருக்கிறது என்றதும் எங்களுக்கு வந்தது பயமில்லை, பெருமை. கழுதைக்குத் தெரியாத கற்பூர வாசனை புழுவுக்குத் தெரிந்திருக்கிறதே என்று கோயில் குருக்களே சொன்னார்.

மத்தியானம் ஆனால் கடைகளைச் சாத்திவிட்டுப் பூவரச மரத்தடிக்குப் போனோம். செங்கமலம் பாடுவாள், ஊரே விரலை நீட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும், விரல் நுனி குறுகுறுக்கும்போது "வந்துட்டாங்க" என்று ஒருவருக்கொருவர் மெல்லச் சொல்லிக்கொள்வோம், யாராவது இருமினால் முறைப்போம். நுண்ணோக்கிக்கு முன்னால் வரிசை நின்றது. தன் புழு தாளம் போடுகிறது என்றாள் ஒருத்தி. தன்னுடையது நடுவில் ஒரு சங்கதிக்கு வாலைச் சுழற்றியது என்றார் ரிட்டையரான தபால்காரர், அது சங்கதி புரிந்த சுழற்றல் என்று சத்தியம் செய்தார். மாமியார் மருமகள் சண்டையில் "உன் ரத்தத்துல ஒரு ரசிகன்கூட இல்லையேடி" என்று ஒரு புது வசவு சேர்ந்தது. சொட்டில் ஒன்றுமில்லை என்று சொல்லப்பட்டவர்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார்கள், சிலர் மறுநாள் குளித்து விபூதி பூசிக்கொண்டு வந்து இன்னொரு தடவை குத்தச் சொன்னார்கள். எங்கள் எல்லாரையும்விட வைத்தியலிங்கத்தின் சொட்டில்தான் கூட்டம் அதிகம். அவர் மீசையைத் தடவிக்கொண்டு, எங்கள் குடும்பமே சங்கீதக் குடும்பம் என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார்.

இவ்வளவுக்கும் பிறகு மாத்திரையை எடுத்து நீட்டினார் டாக்டரம்மா. ஒருவரும் கை நீட்டவில்லை.

"பாட்டுக் கேக்குற ஜீவனைக் கொன்னா ஏழு தலைமுறைக்குத் தொண்டை கட்டிக்கும், டாக்டரம்மா" என்றார் வைத்தியலிங்கம். அப்படி ஒரு சாஸ்திரம் இருப்பது அன்றுவரை எங்களுக்கும் தெரியாது, ஆனால் கேட்டதும் எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றோம்.

டாக்டரம்மா அன்று மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டார். பயப்படட்டும் என்று காட்டியதைக் கொஞ்ச ஆரம்பித்துவிட்டார்களே என்று செங்கமலத்திடம் சொல்லிச் சிரித்தார், சிரிப்பில் கண் கலங்கியிருந்தது. "எனக்கும் இதுகமேல பிரியந்தான், பொய் சொல்லக்கூடாது. கல்யாணம் காட்சின்னு ஒண்ணுமில்லாம இதுககூடத்தான் குடும்பம் நடத்தியிருக்கேன். அவ்வளவு அழகா நீந்தும். ஆனா அழகா இருக்குன்னு விடமுடியுமா, சொல்லு. இன்னும் பத்து வருஷத்துல இந்தத் தூளியில கெடக்குறதுகளுக்குக் கால் வீங்கும்."

செங்கமலம் புடவையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள்.

அந்த வாரம்தான் சித்ரகலா தன் மகள் யமுனாவைக் கூட்டிவந்தாள். ஐந்து வயது, பால்வாடி விட்டால் நேரே செங்கமலத்தின் மடிக்குத்தான் வரும், அவள் பாடினால்தான் கண்ணை மூடும். அப்பாவுக்கு நிறைய ரசிகர்கள் இருக்கிறார்களாம், எனக்கும் பார்க்க வேண்டும் என்று குழந்தை அடம். செங்கமலம் பாட, டாக்டரம்மா பூப்போல விரலைக் குத்தினார். குனிந்து பார்த்தவர் நிமிரவில்லை.

"இருக்கு" என்றார் கடைசியில். "நெறைய இருக்கு."

யமுனா கைகொட்டியது. சித்ரகலா கைகொட்டவில்லை. அவள் கண் மகளின் வழவழப்பான சின்னக் காலைப் பார்த்தது, அங்கிருந்து புடவைக்கு அடியில் இருந்த செங்கமலத்தின் காலுக்குப் போனது, அங்கேயே நின்றது. அந்த ஒரு பார்வையில் எங்கள் சங்கீதம் எல்லாம் வடிந்துவிட்டது. பெரியவர்களுக்கு வந்தால் ரசனை, பிள்ளைக்கு வந்தால் நோய். பெற்றவளுக்குத்தான் அது தெரியும்.

"எங்கேருந்து வந்துச்சு?" என்றாள்.

"கொசு கொண்டுவருதும்மா."

"கொசு யார்கிட்டேருந்து கொண்டுவருது? தெனம் யார் மடியில கெடக்குறா என் பொண்ணு?"

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? சாயங்காலத்துக்குள் எல்லார் வாயிலும் அதே பேச்சு. பருத்த காலில்தானே புழு நிறைய இருக்கும், அதுதானே பருத்திருக்கிறது, அவளே புழுவை வளர்த்து அவளே பாடிக் கூப்பிடுகிறாள், அதனால்தான் அவள் சொன்னால் வருகிறது என்று ஒருத்தி சொல்ல, அதில் இருந்த நியாயத்தை நாங்கள் எல்லாரும் கண்டுகொண்டோம். மறுநாள் காலையில் அம்மாக்கள் வந்து பூவரச மரங்களிலிருந்து தூளிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டு போனார்கள். யாரும் அவளைத் திட்டவில்லை. "வீட்டுலயே வெச்சுப் பாத்துக்குறோம்க்கா" என்று சொன்னார்கள், அவளும் "சரிம்மா" என்றாள்.

பாட்டு நின்றது. மத்தியானங்கள் சப்பென்று ஆயின. எங்கள் விரல்கள் எங்களோடு பேசாமல் கிடந்தன, பிள்ளைகள் வீடுகளில் வீறிட்டு அழுதன, வெற்றிலைகூட அந்த வாரம் காரம் குறைந்துவிட்டதாகக் கும்பகோணம் வியாபாரி சொன்னான். யமுனா தூங்காமல் காய்ச்சல் கண்டு கிடந்தது. செங்கமலம் தன் குடிசை வாசலில் உட்கார்ந்து ஒன்றும் தொங்காத மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா அவள் வீட்டுக்குப் போனார். வாசலைத் தாண்டி உள்ளே வருவதற்குள் அவள் கேட்டுவிட்டாள்.

"என்கிட்டேருந்துதான் போச்சா டாக்டரம்மா? உண்மையச் சொல்லுங்க. நான் வளத்த புள்ளைக்கு நானே கொடுத்துட்டேனா?"

"உன் ரத்தத்தைப் பாக்காம நான் எப்படிச் சொல்ல?"

"அப்ப பாருங்க."

"பாட்டு வேணும்லா. பாட்டு இல்லாம அது மேல வராது."

"புள்ளை இல்லாம எனக்குப் பாட்டு வராதும்மா" என்றாள் செங்கமலம்.

அவர்கள் இருவரும் மரத்தடிக்கு வருவதைப் பார்த்து ஊரே பின்னால் வந்தது. வெட்கம் என்று ஒன்று இருந்திருந்தால் அன்று நாங்கள் வீட்டில் இருந்திருப்போம். சித்ரகலாவும் வந்தாள், இடுப்பில் யமுனா. டாக்டரம்மா செங்கமலத்தின் கையை மடியில் வைத்துக்கொண்டு ஊசியைக் குத்தாமல் காத்திருந்தார். செங்கமலம் வாயைத் திறந்தாள், காற்றுத்தான் வந்தது. மறுபடி திறந்தாள். அப்போது யமுனா அம்மாவின் இடுப்பிலிருந்து நழுவி இறங்கி, கூட்டத்துக்குள் புகுந்து போய், யாரையும் கேட்காமல் அவள் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. சித்ரகலா ஓர் அடி எடுத்துவைத்தாள், அப்படியே நின்றாள். குழந்தைக்குக் காய்ச்சல், குழந்தைக்குத் தூக்கம் வேண்டும், அதை எந்த அம்மா தடுப்பாள்?

செங்கமலம் பாடினாள். எங்கள் எல்லார் விரலும் குறுகுறுத்தது.

டாக்டரம்மா அவள் விரலில் சொட்டு எடுத்துப் பார்த்தார். இன்னொரு விரலில் எடுத்தார். காது மடலில் எடுத்தார். பிறகு எழுந்து நாற்காலியைத் தள்ளிவிட்டு, "வாங்க, ஒவ்வொருத்தரா வந்து பாருங்க" என்றார்.

பார்த்தோம். அரிசி மணிகளைப் பரப்பியதைப்போல ரத்தத்தின் அணுக்கள், அசைவில்லாமல். ஒரு புழுகூட இல்லை. ஊருக்கே பாடியவளின் ரத்தத்தில் அவள் பாட்டைக் கேட்க ஒன்றுகூட வரவில்லை, ஏனென்றால் ஒன்றுகூட இல்லை.

"அவ புழு எப்பவோ செத்துப்போச்சு" என்றார் டாக்டரம்மா. குரல் உயரவில்லை, ஆனால் நாங்கள் அவரை அவ்வளவு கோபமாகப் பார்த்ததில்லை. "பெரும்பாலும் அப்படித்தான். புழு செத்து, அது கெடுத்த வழி அடைச்சு, கால் வீங்குது. வீங்குன காலைப் பாத்து ஒதுங்குதீங்க, தனி டம்ளர் வைக்கீங்க. அவகிட்ட இருந்து யாருக்கும் போகல. நல்ல காலோட நடந்து திரியுறவங்க ரத்தத்துலதான் குஞ்சு இருக்கு, அங்கேருந்துதான் கொசு எடுக்கு."

நல்ல காலோடு நடந்து திரிகிறவர்கள் என்றதும் நாங்கள் எங்கள் கால்களைப் பார்த்தோம். பிறகு, தலையைத் திருப்பக் கூடாது என்று நினைத்துக்கொண்டே, எல்லாரும் வைத்தியலிங்கத்தைப் பார்த்தோம். எல்லாரையும்விடக் கூட்டம் அதிகமிருந்த ரத்தம். அந்தக் குழந்தை தினமும் படுப்பது அவருக்குப் பக்கத்துப் பாயில்.

அவர் மீசைக்குப் போன கை பாதியில் நின்றது. தட்டைத் திருப்பி வாங்கிய நாளைப் பற்றி அவர் அப்போது நினைத்தாரா என்று தெரியாது, முகம் மட்டும் வெற்றிலைக் காம்பு மாதிரி வெளுத்துவிட்டது. எதையாவது சொல்ல வேண்டுமே என்று, "ஆனாலும் பாட்டுக் கேக்குற ஜீவன்..." என்று இழுத்தார்.

செங்கமலம் அவரை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அவரிடம் நேராகப் பேசியது அன்றுதான்.

"நான் பாடினது புள்ளைங்களுக்கு, அத்தான். இதுங்க ஒட்டுக் கேட்டுச்சு."

அவ்வளவுதான். எங்கள் ஊரில் சாப்பாடு திருடியவனை மன்னித்திருக்கிறோம், ஆடு திருடியவனைக்கூட ஒருமுறை விட்டிருக்கிறோம், ஒட்டுக் கேட்டவனுக்கு மன்னிப்பில்லை. ஒட்டுக் கேட்பது ரசனையில் சேராது. வைத்தியலிங்கம் டாக்டரம்மாவின் முன்னால் போய்க் கையை நீட்டினார்.

"எனக்கு மொதல்ல கொடுங்கம்மா" என்றார்.

வெறும் வயிற்றில் மாத்திரை கூடாது என்பதால் மறுநாள் மரத்தடியிலேயே ஊருக்கெல்லாம் சமைத்தோம், சாம்பார் சாதமும் அகத்திக்கீரைப் பொரியலும், எதிரிதான் என்றாலும் நம் ரத்தத்தில் வளர்ந்ததாயிற்றே, வெறுமனே அனுப்ப மனம் வரவில்லை என்று குருக்கள் ஒரு பாயசமும் சேர்த்துவிட்டார். சாப்பிட்ட கை ஈரம் காய்வதற்குள் டாக்டரம்மா ஒவ்வொருவர் முன்னாலும் நின்று விழுங்கவைத்து வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். அன்று சாயங்காலம் ஊருக்கே லேசாகக் காய்ச்சல் அடித்தது, உடம்பு வலித்தது. செத்துப்போகிற புழுவின் வலி அது, கவலை வேண்டாம் என்று சொல்லியிருந்தார். நாங்கள் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் போர்த்திக்கொண்டு கிடந்து ஒருவரையொருவர் திட்டிக்கொண்டோம். மறுவாரம் செங்கமலம் பாடியபோது ஒருவர் விரலும் குறுகுறுக்கவில்லை. டாக்டரம்மா சொட்டுச் சொட்டாகப் பார்த்துவிட்டு, யமுனாவின் சொட்டை மட்டும் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "சுத்தம்" என்றார். வருஷா வருஷம் சாப்பிட வேண்டும் என்றும் சொன்னார். சித்ரகலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

தூளிகள் எல்லாம் திரும்பி வந்தன. ஆனால் கால் திரும்பி வருவதில்லை. புழு போனாலும் அது போட்டுவிட்டுப் போன மூட்டையைச் செங்கமலம்தான் சுமக்க வேண்டும். அந்தக் காலைத் தினமும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், மடிப்புக்குள்ளும் விரலிடுக்கிலும் ஈரமில்லாமல் ஒற்றி எடுக்க வேண்டும், உயரமாக வைக்க வேண்டும், அப்படிச் செய்தால் புண் வராது, காய்ச்சல் வராது, வலி குறையும் என்றார் டாக்டரம்மா. அவள் குனிந்தால் அவள் கை அவள் பாதத்துக்கு எட்டாது, வேறு யாராவதுதான் செய்ய வேண்டும் என்றும் சொன்னார்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து சித்ரகலா ஒரு தாம்பாளத்தில் தண்ணீரும் தோளில் துண்டுமாக வந்தாள். செங்கமலத்தின் எதிரே தரையில் உட்கார்ந்தாள். புடவையை விலக்கி அந்தக் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அதை வேறொரு கை தொட்டதில்லை. செங்கமலம் திடுக்கிட்டுக் காலை இழுக்கப் பார்த்தாள்.

"கூசுதா அக்கா?" என்றாள் சித்ரகலா.

"ஆமாம்."

"கொஞ்சம் பொறுத்துக்க."

டாக்டரம்மா காட்டிக்கொடுக்க, அவள் கழுவினாள். எங்கள் ஊரில் மன்னிப்புக் கேட்கிற வழக்கம் இல்லை, எப்படிக் கேட்பது என்றும் தெரியாது. கழுவிக்கொண்டிருந்தவள், வேறு வழியில்லாமல், கொடிக்கால் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து தினமும் கேட்டுக் கேட்டு மனப்பாடமாகியிருந்த தாலாட்டைப் பாடத் தொடங்கினாள். ஐயோ, என்னவென்று சொல்வது! முதல் வரியிலேயே சுருதி வாய்க்காலில் விழுந்துவிட்டது, இரண்டாவது வரி வேறொரு பாட்டிலிருந்து வந்தது, தாளத்துக்கும் அவளுக்கும் ஜென்மப் பகை. நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ராவுத்தர் எதிரே தன் கடையில் ஓடிய வானொலியைத் தணித்தார். குருக்கள் கண்ணை மூடிக்கொண்டார், ஆனால் எழுந்து போகவில்லை. ஒருவரும் எழுந்து போகவில்லை, ஒருவரும் சிரிக்கவில்லை.

ஊர்ப் பிள்ளைகள் அத்தனையையும் தூங்கவைத்தவளுக்கு அவள் அம்மாவுக்குப் பிறகு யாரும் பாடியதில்லை. மூன்றாவது வரியில் செங்கமலத்தின் தலை பூவரச மரத்தில் சாய்ந்தது. நாலாவது வரியைச் சித்ரகலா தப்பாகப் பாடினாள், அதைத் திருத்த யாருமில்லை, செங்கமலம் தூங்கிவிட்டாள்.